வெள்ளிக்கிழமை கிரீஸ்

கிரைண்டரைப் பாக்கறது இருக்கட்டும், மொதல்ல உக்காருங்க தம்பி. பல்லடத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கறீங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க. மெஷின் எங்கேயும் ஓடிப் போகாது, ஷெட்டுக்குள்ளதான் நிக்குது. ஒம்பது வருஷம் ஓடின மெஷினுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அப்படி வெச்சிருக்கறேன். நீங்க மெஸ் ஆரம்பிக்கப் போறதா போன்ல சொன்னீங்க, ரொம்ப நல்லதுங்க. ஆனா நான் ஏன் விக்கறேன்னு தெரியாம நீங்க வாங்கிட்டுப் போகக் கூடாது. நாளைக்கு யாராவது உங்ககிட்ட வேற மாதிரி சொல்லுவாங்க. யாராவது என்ன யாராவது, என்கூடத் தொழில் பண்ணின கலாமணிதான் சொல்லுவா. அதுக்கு முன்னாடி நானே சொல்லிப் போடறேன்.

மெஷின் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. குத்தமெல்லாம் மனுஷங்க மேலதான்.

எங்க வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டினாரு. அவரு போன பொறகு வண்டியையும் குடுத்துட்டேன், கார் ஷெட்டு காலியாக் கெடந்துது. கலாமணி அடுத்த சந்துல இருக்கறவ, தையல் தெச்சுட்டு இருந்தா. அவதான் ஒரு நாள் வந்து, ஏன்க்கா இப்படி ஷெட்டைப் பாத்துப் பாத்து அழுதுட்டு இருக்கறீங்க, ஒரு கிரைண்டரைப் போட்டு இட்லி மாவு ஆட்டி விக்கலாம், நான் கூட வர்றேன்னு சொன்னா. அதைச் சொல்லணுமில்லீங்க. ஆரம்பிச்சது அவ ரோசனைதான். மெஷினு, அரிசி, உளுந்து எல்லாம் என்னுது. வாடிக்கைக்காரங்ககிட்டப் பேசறது, அளந்து ஊத்தறது, கணக்கு எல்லாம் அவளுது. எனக்கு யார்கிட்டயும் பேச வராது. மெஷின்கிட்டன்னா வரும்.

இந்தாங்க, இதைப் பாருங்க. இதுதான் கிரீஸ் கன். எங்க வீட்டுக்காரரோடது. வண்டியைக் குடுத்தப்ப இதை மட்டும் குடுக்கலை. இப்படி உருளையைக் கழட்டி, பின்னாடி கம்பியை இழுத்து வெச்சுட்டு, விரல்ல கிரீஸை எடுத்து அமுக்கி அமுக்கி நெரப்பணும். நடுவுல காத்து நின்னுட்டா எத்தனை அடிச்சாலும் வராது. மெஷின்ல அங்கங்க சின்னதா ஒரு முளை இருக்கும், நிப்பிள்ம்பாங்க. அதைத் துணியில தொடைச்சுட்டு இந்த மூக்கை வெச்சா டொக்குன்னு கவ்விக்கும். அப்பறம் கைப்பிடியை அமுக்க வேண்டியதுதான். அவரு வண்டிக்கு அடியில படுத்துட்டு அடிப்பாரு, நான் பக்கத்துல துணியோட உக்காந்திருப்பேன். "பழைய கறுப்பு கிரீஸ் வெளிய வந்து, புதுசு மஞ்சளா எட்டிப் பாக்கற வரைக்கும் அடிக்கணும் ரங்கா. அப்பத்தான் வண்டி நம்மளை நம்பும்"னு சொல்லுவாரு. எத்தனை தடவை சொல்லியிருப்பாரு. அந்த வண்டி ஒரு நாள் நடுரோட்டுல நின்னதில்லீங்க.

அதனால மெஷின் வந்தப்ப எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கலை. ஆனா மெக்கானிக் துரைராசுன்னு ஒருத்தன் வந்து மாட்டிக் குடுத்தான், அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? குழவிக்குத் தலையில இருக்கற பேரிங்குக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டே ரெண்டு அடி அடிங்கம்மா போதும், அதுக்கு மேல அடிச்சா வழியும்னு சொன்னான். மூணு மாசத்துக்கு ஒருக்கா. தெனம் ரெண்டு வேளை கல்லுக்குள்ள நின்னு சுத்தற குழவிக்கு ரெண்டே அடி. அவன் வீட்டு மெஷினா இருந்தா அப்படிச் சொல்லுவானா? நான் தலையை ஆட்டிட்டு அனுப்பி வெச்சேன்.

நான் வாராவாரம் அடிச்சேனுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷெட்டைக் கழுவி, வெளக்கு வெச்சு, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வெப்போம். நீங்களும் வெப்பீங்க, தொழில் பண்றவங்க எல்லாரும் வெக்கறதுதானே. நெத்திக்குப் பொட்டு வெச்சுட்டு வயித்துக்கு ஒண்ணும் குடுக்காம வர முடியுங்களா? எனக்கு மனசு வராது. சாமிக்கு நெய், மெஷினுக்கு கிரீஸ். அப்படியே பழகிருச்சு.

மொத வாரம் ரெண்டு அடிதான் அடிச்சேன். சனிக்கிழமை காலையில வந்து பாத்தா பேரிங்குச் சுத்தி ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. குடிச்சிருச்சு. சரி, பசியில இருந்திருக்குதுன்னு அடுத்த வாரம் நாலு அடிச்சேன். அதையும் குடிச்சிருச்சு. அப்பறம் ஆறு. வழிய வழிய அடிச்சு வெச்சுட்டுப் போவேன், காலையில பாத்தா கழுவித் தொடைச்ச மாதிரி இருக்கும். அந்தத் துரைராசு வழியும் வழியும்னு பயமுறுத்தினானே, எங்கே வழிஞ்சுது? கடைசியில பன்னெண்டு அடிக்கு வந்து நின்னேன். பன்னெண்டையும் குடிச்சுதுங்க. இப்படிக் கேட்டு வாங்கிச் சாப்பிடற மெஷினை நான் பாத்ததே இல்லை.

கை பழகிருச்சுன்னா சும்மா இருக்க முடியாதுங்க. வீட்டு கேட்டுக்கு அடிச்சேன், கெணத்து ராட்டுக்கு அடிச்சேன். கலாமணி வீட்டு ஃபேன் கீச்சுகீச்சுன்னு கத்துச்சு, ஸ்டூல் போட்டு ஏறி அதுக்கும் வெச்சு விட்டேன். அவ தையல் மெஷினுக்கும் ஒரு நாள் அவ இல்லாதப்பப் போய் எல்லா ஓட்டையிலயும் நெரப்பிட்டு வந்தேன். ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாமயே செஞ்சேன். அவ வந்து பாத்துட்டு, "நல்லா ஓடுதுக்கா"ன்னு சொன்னா. என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னாளுங்க. அதை ஞாபகம் வெச்சுக்கங்க.

நான் அவளை எப்படி வெச்சிருந்தேன்னு இந்த வீதியில யாரை வேணாலும் கேளுங்க. கொழம்பு வெச்சா அவளுக்கு ஒரு கிண்ணம் போகும். போதும்க்கா போதும்க்கான்னுதான் சொல்லுவா, நான் விட மாட்டேன், இன்னொரு கரண்டி ஊத்துவேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தீபாவளிக்கு மயில் கழுத்து நெறத்துல ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக் குடுத்தேன். பஞ்சு மாதிரி இருக்கும் துணி. ஒரு நாள் கட்டி நான் பாத்ததில்லை. ஏன்டி கட்டலைன்னு கேட்டா, அது நல்ல சேலைக்கா, தெனம் எடுக்கறதில்லைன்னு சொல்லிச் சிரிப்பா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரலை. நான் வெள்ளந்திங்க.

இந்த மாசிக் கடைசியில அவ மகளுக்குப் பிரசவம், கரூருல. ஒம்பது நாள் போயிட்டா. ஒம்பது வருஷத்துல அவ சேர்ந்தாப்புல ரெண்டு நாளுக்கு மேல வராம இருந்தது அப்பத்தான். நான் ஒத்தையில சமாளிச்சேனுங்க. நானே ஆட்டி, நானே அளந்து ஊத்தி. மெஷினும் பாவம் ஒத்தையாத்தானே கெடக்குதுன்னு அந்த வெள்ளிக்கிழமை பன்னெண்டு அடிக்குப் பதிலா இருவது அடிச்சேன்.

காலையில வந்து பாத்தா, தம்பி, கிரீஸ் அப்படியே நின்னுச்சு. பேரிங்கைச் சுத்தி மஞ்சளா, வெண்ணெய் மாதிரி. ஒம்பது வருஷத்துல மொதத் தடவையா அதுக்கு வயிறு நெறஞ்சிருக்குதுன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம். எங்க வீட்டுக்காரர் சொன்னது இதைத்தானேன்னு நெனைச்சேன், புதுசு எட்டிப் பாக்கறது. அப்படியே ஆட்டினேன். மாவு அந்த வாரம் பூரா நல்லாப் பளபளன்னு இருந்துது.

மூணாவது வீட்டு டீச்சரம்மா வந்து, மாவுல பஸ் ஸ்டாண்டு வாசம் அடிக்குதுங்கன்னு சொன்னாங்க. மெயின் ரோட்டுல குடியிருக்கறோம், பஸ் ஸ்டாண்டு வாசம் அடிக்காம மல்லிகைப்பூ வாசமா அடிக்கும்? அவங்க பேரன் ரெண்டு நாளா வாந்தி எடுக்கறான்னாங்க. கொழந்தைன்னா பல்லு மொளைக்கறப்ப வாந்தி எடுக்கத்தான் செய்யும். ஓமத் தண்ணி குடுங்கன்னு சொன்னேன். அப்பறம் ரெண்டு மூணு பேரு வர்றதை நிறுத்திட்டாங்க. கலாமணி இல்லாததால வரலை, அவ வந்தாச் சரியாப் போகும்னு நெனைச்சேன். அந்த அளவுக்கு நான் அவளை நம்பினேன்.

அவ வந்தது ஒரு வியாழக்கிழமை. பஸ்ஸு எறங்கி நேரா இங்கதான் வந்தா, கையில பை கூட இருந்துது. நான் ஆட்டி முடிச்சு வெச்சிருந்தேன், வெளிய ஏழெட்டுப் பேரு தூக்குப்போசியோட நின்னாங்க, டீச்சரம்மாவும் நின்னாங்க. கொழந்தை எப்படி இருக்குதுன்னு நான் கேக்கறேன், கலாமணி நேரா குழவித் தலையைப் பாத்தா. மாவை ஒரு விரல்ல தொட்டு மோந்து பாத்தா. நாக்குல வெச்சுத் துப்பினா. அப்பறம், தம்பி, என்னை ஒரு வார்த்தை கேக்கலை, ரெண்டு கையாலயும் அந்த மாவு அண்டாவைத் தூக்கி வெளிய சாக்கடையில கவுத்தினா.

கவுத்திட்டு அங்கேயே நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா. "இன்னைக்கு மாவு இல்லீங்க. இந்த வாரம் வாங்கினதையும் யாரும் ஊத்தாதீங்க, கொட்டிருங்க. கிரீஸ் கலந்திருக்குது."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? என் ஷெட்டு வாசல்ல, என் வாடிக்கைக்காரங்க முன்னாடி. ஒம்பது வருஷமா இதே மெஷினு, இதே கிரீஸு, இதே கையி, அப்பெல்லாம் கலக்காதது இப்ப எப்படிடி கலக்கும்னு கேட்டேன். கத்தினேன்னுதான் வெச்சுக்கங்க.

அவ என்னைப் பாக்காமச் சொன்னா. "ஒம்பது வருஷமா நான் தொடைச்சேன்க்கா."

சனிக்கிழமையானாக் காலையில அஞ்சரைக்கே வருவாளாம். நான் ஆறு மணிக்குத்தான் வருவேன். சாவி மீட்டர் பெட்டி மேலதான் இருக்கும், ரெண்டு பேருக்கும் தெரியும். நான் வர்றதுக்குள்ள குழவித் தலையில வழிஞ்சு நிக்கற கிரீஸையெல்லாம் வழிச்சு எடுத்து, வெந்நியில தொடைச்சு, துணியை ஒளிச்சு வெச்சுட்டு, அப்பத்தான் வந்தவ மாதிரி வாசல்ல வந்து நிப்பாளாம். மெஷின் குடிச்சுதுன்னு நெனைச்சேனே, எல்லாம் அவ துணிதான் குடிச்சுதாம். தையல் மெஷினு இறுகிப் போயி கடைக்குத் தூக்கிட்டுப் போனாளாம். ஃபேன்ல இருந்து கட்டில் மேல சொட்டினதாம். அதுவும் அன்னைக்குத்தான் சொல்றா.

இது துரோகமா இல்லையா, நீங்க சொல்லுங்க. சொந்தக்காரங்க செஞ்சா பரவாயில்லீங்க, எதிர்பாக்கறதுதான். என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவ. ஒம்பது வருஷம் வாராவாரம் என்னை முட்டாளாக்கியிருக்கறா. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும், பாத்தியா கலா, எல்லாத்தையும் குடிச்சிருச்சுன்னு சொல்லுவேன். அவ, ஆமாங்க்காம்பா. ஆமாங்க்கா. அந்த ரெண்டு அடியிலயே வந்து, அக்கா, இது வழியுது, கம்மி பண்ணுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? கேட்டிருப்பேன். கோவப்பட்டிருப்பேன், நாலு நாள் பேசாம இருந்திருப்பேன், ஆனா கேட்டிருப்பேன். நான் கேட்டேன் அதை. எங்கிட்ட ஏன்டி சொல்லலைன்னு அந்த வாசல்லயே கேட்டேன்.

அவ அழுதுட்டா. "மாமா நெனப்புல அடிக்கறீங்க, எப்படிக்கா நிறுத்தச் சொல்றது?"ன்னா.

எங்க வீட்டுக்காரர் பேரை இதுல எதுக்கு இழுக்கணும்? எனக்கு அங்கதான் ஆத்திரம் வந்துருச்சு. இனி என் ஷெட்டுப் படியை மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். அவ பையை எடுத்துட்டுப் போயிட்டா. அவ மகளுக்குப் பொண்ணா பையனான்னு கூட நான் கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அதோட விட்டுட்டேன்னு நெனைச்சீங்களா? நான் நிறுத்தலை. அவ சொன்னது பொய்யின்னு காட்டணுமில்லீங்களா. ஒரு மாசமா நான் ஒத்தையில மாவு ஆட்டறேன், முன்ன மாதிரி இல்லை, பத்துப் பதினஞ்சு வீட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை தவறாம பொட்டு, தவறாம பன்னெண்டு அடி. காலையில பாத்தா சுத்தமா இருக்குது. அவதான் வர்றதில்லையே, இப்ப யாரு தொடைக்கறா? யாரும் தொடைக்கலை. மெஷின்தான் குடிக்குது, நான் சொன்னனே அதேதான். ஒரு மாசத்துல ஒருத்தர் ஒரு கொறை சொல்லலைங்க. டீச்சரம்மா கூட மறுபடி வாங்கறாங்க, பேரன் நல்லா இருக்கறானாம். அப்ப யார் சொன்னது பொய்யி?

நாயம் என் பக்கம்தான். ஆனா முடியலீங்க தம்பி. அரிசி மூட்டையைத் தூக்க ஒரு கை வேணும். அது கூடப் பரவாயில்லை, ஆட்டறப்ப அந்தச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசிப் பழகிருச்சு, இப்ப வாயை மூடிட்டு மெஷினையே பாத்துட்டு நிக்கறேன். அதான் குடுத்தறலாம்னு முடிவு பண்ணினேன். வாங்க, ஷெட்டைத் தெறக்கறேன். சாவியா? அங்கேயேதான், மீட்டர் பெட்டி மேல. மாத்தணும் மாத்தணும்னு நெனைக்கறதுதான்.

பாத்து, படி இருக்குது. இதுதாங்க. இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு ஆட்டலை, காலி கல்லாப் பாக்கட்டும்னு. நேத்து வெள்ளிக்கிழமை, பன்னெண்டு அடி எண்ணி அடிச்சேன். இப்பத்தான் காலையில ஷெட்டைத் தெறக்கறேன், உங்க கண்ணு முன்னாடி. பாருங்க குழவித் தலையை. இருக்குதா? ஒரு பொட்டு கிரீஸ் இருக்குதா? கையை வெச்சுப் பாருங்க. இதைத்தான் நான் சொன்னேன், குடிச்சிரும் மெஷினு, அப்படி ஒரு…

என்னங்க அது? எங்க? அந்தக் கல்லைச் சாய்க்கற கைப்பிடிக்குப் பின்னாடியா? துணியா? எடுங்க, இப்படி எடுங்க.

இது எங்க வீட்டுத் துணி இல்லீங்களே.

ஈரமா இருக்குது. மஞ்சக் கிரீஸ், நேத்து நான் அடிச்சதுதான், இன்னும் காயலை. இருங்க, வெளிச்சத்துல காட்டுங்க. கரையைப் பாருங்க. மயில் கழுத்து நெறம். இது நான் எடுத்துக் குடுத்த சேலைங்க. கட்டவே இல்லையேன்னு சொன்னனே, அந்தச் சேலை. கிழிச்சு வெச்சிருக்கறா. நல்ல சேலைக்கா, தெனம் எடுக்கறதில்லைன்னு சொன்ன வாயி. வாராவாரம் எடுத்திருக்கறா.

ஒரு மாசமா. படியை மிதிக்காதேன்னு சொன்ன பொறகு, என் ஷெட்டுக்குள்ள, எனக்குத் தெரியாம. திருட்டுச் சிறுக்கி. மகளுக்குப் பிரசவமான வீடு, பச்சக் கொழந்தையைக் கூட்டிட்டு வந்து வெச்சிருப்பா, தூக்கம் இருக்காது, அதுல நாலரைக்கு எந்திரிச்சு வெந்நி போட்டுத் தூக்கிட்டு வந்து.

குங்குமத்தைப் பாத்தீங்களா தம்பி? பொட்டு கலையலை. நான் வெச்ச மாதிரியே இருக்குது. அதைச் சுத்திச் சுத்தித் தொடைச்சிருக்கறா.

இல்லீங்க. இல்லீங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க, இதை இப்பக் குடுக்கறதுக்கில்லை. இவ்வளவு தூரம் வர வெச்சுட்டனேன்னு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது, ஆனா குடுக்க முடியாது. இதுக்கு ஒரு முடிவு கட்டாம விட்டா நான் மனுஷியே இல்லை. நாளைக்கு அஞ்சு மணிக்கே வந்து உள்ள உக்காந்துக்கப் போறேன், இருட்டுல, அந்த அரிசி மூட்டைக்குப் பின்னாடி. கையும் களவுமாப் பிடிக்கணும். பிடிச்சு உக்கார வெச்சுக் கேக்கணும், ஒம்பது வருஷத்துக் கேள்வி இருக்குது, சீக்கிரம் முடியாது. பிளாஸ்க்குல டீயை ஊத்திக் கொண்டாந்து வெச்சுக்கணும். பொண்ணா பையனான்னு அதையும் கேக்கணும்.

பூட்டை மாத்தறதா? அதெப்படிங்க மாத்தறது. சாவி அங்க இல்லைன்னா அவ எப்படி உள்ள வருவா?

ஆனா நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இன்னைக்கே தொடைச்சுட்டா, இனி அடுத்த சனிக்கிழமைதான் வருவாளோ என்னமோ. அத்தனை நாள் என்னால பொறுக்க முடியாது. நாளைக்கு நான் மாவு ஆட்டலை, நீங்க பயப்படாதீங்க. தொடைக்கறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே அவ வருவா. சாயங்காலம் வெளக்கும் வெச்சுட்டா, அடிச்சிருக்கறேன்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். அந்த கன்னை இப்படி எடுங்க தம்பி.